ராமநாதபுரம் கரையில் கடலைப் பார்த்துக்கொள்ளும் குழுக்களுக்கு எப்படி உதவுவது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்குச் சொந்த ஊர் தேவிபட்டினம் பக்கம், இப்போது சென்னையில் வேலை. கூடப் படித்தவர்கள் பதினைந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள், சிலர் துபாயில், ஒருவர் சிங்கப்பூரில். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் ரூபாய் வரை ஒதுக்க முடியுமாம். சொந்தக் கடற்கரைக்கு ஏதாவது செய்ய வேண்டும். புதிதாக ஓர் அமைப்பு தொடங்கி, கழிமுகச் சேற்றில் வளரும் அலையாத்தி மரம் நடலாமா, மாதம் ஒரு தடவை கடற்கரையைச் சுத்தம் செய்யலாமா, இல்லை வேறு வழி உண்டா என்று கேட்கிறார்.

நான் மண்டபத்திலிருந்து தொண்டி வரை உள்ள சில ஊர்க் குழுக்களுக்குப் பல வருடமாகக் கணக்கு எழுதுவது, மனு எழுதுவது, அதிகாரிகளைப் பார்க்கக் கூடப் போவது என்று இருக்கிறவன். அதனால் நேராகவே சொல்கிறேன். புதிதாக அமைப்பு தொடங்காதீர்கள். அந்தக் கரையில் கடலைப் பார்த்துக்கொள்கிற ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். பெயர்ப்பலகை இருக்காது, இணையத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்கள், ஆனால் கடலில் எதை எப்போது எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்து, அதை மீறுகிறவரைத் தட்டிக்கேட்கிறவர்கள் அவர்கள்தான். அவர்களில் ஒரு குழுவைக் கண்டுபிடித்து, அதற்கு மூன்று நான்கு வருடம் விடாமல் சின்னச் சின்னச் செலவுக்குப் பணம் கொடுங்கள். இந்தப் பதிலின் சாரம் இதுதான்.

யார் அவர்கள் என்பதற்கு எனக்கு உடனே நினைவுக்கு வருவது பாம்பன் பக்கத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்கள். சின்னப்பாலம் மாதிரி ஊர்களில் தலைமுறையாகப் பெண்கள் கடலில் இறங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்கிறார்கள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து கையால் பறிப்பது. ஏகார் என்ற உறைபொருளுக்கும் உரத்துக்கும் போகிற சரக்கு இது. 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்துத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். இந்தப் பெண்கள் பாட்டி காலத்திலிருந்து இறங்கின இடங்கள் அதற்குள் போய்விட்டன. பிடிப்பது, அபராதம், எடுத்த பாசியைப் பறிப்பது என்று வருடக்கணக்கில் நடந்தது. அந்த நிலையிலும் அவர்கள் செய்தது என்ன தெரியுமா? கூடிப் பேசி, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவி வேண்டாம், கையால் மட்டும் எடுப்போம், மாதத்தில் சில நாட்களுக்கு மேல் இறங்க வேண்டாம், மீன்பிடித் தடைக்காலத்தில் நாமும் நிறுத்திக்கொள்வோம் என்று கட்டுப்பாடு போட்டார்கள். வேரோடு பிடுங்காமல் விட்டால் பாசி மறுபடி வளரும் என்பதை அவர்களுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை. அந்தப் பெண்களுக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீக்காலஜி என்ற அமெரிக்க அமைப்பு சர்வதேசப் பரிசு கொடுத்தது. பரிசு ஒருவருக்குத்தான் வந்தது, ஆனால் தங்கள் வருமானத்தைத் தாங்களே குறைத்துக்கொண்டு கட்டுப்பாட்டைக் காப்பாற்றிய பெண்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள்.

இன்னொரு உதாரணம் உங்கள் ஊருக்கு வடக்கே, தொண்டிப் பக்கம் காரங்காடு. அங்கே அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகும் சூழல் சுற்றுலா நடக்கிறது. வனத்துறையோடு சேர்ந்து ஊர்க் குழு நடத்துகிறது. படகு ஓட்டுவது, துடுப்புப் படகுக்குச் சொல்லிக்கொடுப்பது, வந்தவர்களுக்கு நண்டும் மீனும் சமைத்துப் போடுவது எல்லாம் ஊர்க்காரர்கள்தான். காடு நின்றால் வருமானம் வரும் என்று கண்ணெதிரே தெரிகிறபோது மரத்தில் கைவைக்க வருகிறவனை ஊரே தடுத்துவிடும், காவலுக்குத் தனியாக ஆள் வேண்டியதில்லை.

குழு என்றதும் பதிவு எண்ணோடு கூடிய சங்கத்தை மட்டும் தேடாதீர்கள். நம் கரையில் ஊர்க்கூட்டம் இருக்கிறது, கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் ஜமாத் இருக்கிறது, தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் தேவாலயப் பங்குப் பேரவை இருக்கிறது, மீனவர் கூட்டுறவுச் சங்கமும் மகளிர் சுயஉதவிக் குழுவும் எல்லா ஊரிலும் இருக்கின்றன. மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளையும் வனத்துறையும் முன்பு ஊருக்கு ஊர் அமைத்த சூழல் மேம்பாட்டுக் குழுக்களில் சில இன்னும் உயிரோடு இருக்கின்றன, பல திட்டப்பணம் நின்றதும் படுத்துவிட்டன. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகு மற்ற நாட்கள் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறதே, அதுகூட வலை அறுந்து சண்டை முற்றி, பேசிப் பேசி வந்த முடிவுதான். கடலைப் பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்த ஊர்கள் இவை.

சரி, இவர்களுக்கு என்ன தேவை? இந்த இடத்தில்தான் கொடுக்கிறவர்களின் கணக்கும் கரையின் கணக்கும் ஒத்துப்போவதில்லை. கொடுக்கிறவர்களுக்குப் பத்தாயிரம் கன்று, ஆயிரம் கிலோ பிளாஸ்டிக், ஒரு கட்டடம், ஒரு படகு என்று எண்ணிக் காட்டக்கூடிய பொருள் வேண்டும். குழுவுக்கு வேண்டியது படகுக்கு டீசல். ஆமை முட்டையிடும் மாதங்களில் ராத்திரி மூன்று மணிக்குக் கரையில் நடக்கிற பையனுக்கு டார்ச்சும் டீயும் ஒரு மாதச் சம்பளமும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனு கொடுக்க ராமநாதபுரம் போகும் நான்கு பெண்களுக்குப் பஸ் காசும், அன்றைக்கு விட்ட கூலியும். அன்றைக்கு அவர்கள் போகவில்லை என்றால் மனு போகாது, மனு போகவில்லை என்றால் ஊருக்குப் பக்கத்துக் கழிமுகத்தில் இறால் பண்ணைக் கழிவு இறங்குவதை யாரும் கேட்க மாட்டார்கள். இந்த மாதிரிச் செலவுக்கு எந்தத் திட்டத்திலும் தலைப்பு கிடையாது. பெரிய நிறுவனங்கள் கொடுக்கவே கொடுக்காது. உங்களைப் போல் பதினைந்து பேர் சேர்ந்து கொடுக்கும் பணத்துக்குத்தான் அந்தச் சுதந்திரம் உண்டு. அதனால் தயவுசெய்து அதைக் கன்று வாங்கிச் செலவழித்துவிடாதீர்கள்.

கன்று நடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஆசை எல்லாருக்கும் வருகிறது. அலையாத்தி எல்லாக் கரையிலும் வளராது. கடல் நீர் தினமும் ஏறி இறங்கிப் போக வேண்டும், மழைக்காலத்தில் ஆற்று நீரோ கண்மாய் உபரி நீரோ வந்து உப்பைக் கழுவ வேண்டும். பாக் நீரிணையில் ஓதம், அதாவது கடல் நீரின் ஏற்ற இறக்கம், ஒரு மீட்டர்கூட ஏறாது. அதனால் தரை அரை அடி உயர்ந்திருந்தாலே தண்ணீர் எட்டாமல் உப்புப் பூத்துவிடும், அரை அடி தாழ்ந்திருந்தால் தண்ணீர் தேங்கி வேர் அழுகிவிடும். இதைப் பார்க்காமல் காலியாகக் கிடக்கும் சேற்றில் வரிசையாகக் குச்சி நட்டுப் படம் எடுத்துப் போனால் அடுத்த கோடையில் குச்சிகள் மட்டும் நிற்கும். அதைவிட மோசம், காலி என்று நாம் நினைக்கும் சேற்றுத்தரைதான் பல இடங்களில் பூநாரை, உள்ளான் போன்ற பறவைகளுக்கு இரை கிடைக்கும் இடம். கடல்தாழை என்ற கடற்புல் வளர்ந்திருக்கும் ஆழமற்ற இடத்தில் போய் அலையாத்தி நட்டால் ஒன்றைக் கெடுத்து இன்னொன்றை உண்டாக்கப் பார்ப்பதாகிவிடும், பெரும்பாலும் இரண்டுமே கிடைக்காது.

பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அழிந்த காட்டை மீட்டார்கள். அங்கே முதல் வேலை நடுவது இல்லை, வாய்க்கால் வெட்டுவது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். ஓதநீர் உள்ளே போய்த் திரும்ப வழி கிடைத்த பிறகுதான் வாய்க்கால் ஓரத்தில் வெண்கண்டல் நட்டார்கள். முன்பு மொத்தமாக மரத்தை வெட்டியதால் தரை தாழ்ந்து தண்ணீர் தேங்கி உப்பு ஏறியிருந்தது, அதுதான் நோய் என்று கண்டுபிடித்ததால் மருந்து பலித்தது. ஊர் ஊராக அலையாத்திக் குழு அமைத்து, அந்தக் குழுக்கள்தான் பார்த்துக்கொண்டன. இந்த வாய்க்கால்கள் சில வருடத்தில் தூர்ந்துபோகும், மறுபடி தூர்வார வேண்டும். நடுவதற்குப் பணம் கொடுக்கிறவர்கள் வரிசையில் நிற்பார்கள், தூர்வாரக் கொடுப்பதற்கு ஆளே இருக்காது. உங்கள் பக்கத்து ஊரில் ஏற்கெனவே நட்ட காடு ஒன்று இருந்து, வாய்க்கால் அடைத்துக் கிடந்தால், கோடையில் ஊர் ஆட்களுக்குக் கூலி கொடுத்து அதைத் திறந்துவிடுங்கள். காடு வனத்துறையுடையது என்றால் ரேஞ்சரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியபின் செய்யுங்கள். முதல் இரண்டு வருடம் ஆடு மாடு மேயாமல் பார்க்க ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே அளவு உதவிதான். வெண்கண்டல் தழை ஆட்டுக்கு ரொம்பப் பிடிக்கும்.

கடற்கரைச் சுத்தம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. செய்யலாம், தப்பில்லை. ஆனால் அள்ளிய குப்பை எங்கே போகிறது என்பதை ஊராட்சியோடு முதலில் பேசிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் மூட்டை கட்டி மணல்மேட்டுக்குப் பின்னால் போட்டது மழையில் திரும்பக் கடலுக்கே வரும். அடும்புக் கொடியையும் ராவணன் மீசையையும் களை என்று பிடுங்கிவிடாதீர்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பதே அவைதான். டிராக்டர் இறக்க வேண்டவே வேண்டாம், தனுஷ்கோடிப் பக்கம் ஜனவரியிலிருந்து பங்குனி ஆமை முட்டையிடும். அறுந்த வலை பவளப்பாறையில் சிக்கிக் கிடந்தால் அதை எடுக்கச் சங்கு குளிப்பவர்களைவிடத் திறமையான ஆள் கிடையாது. ஆனால் பூங்கா எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் அவர்களை இறக்கிவிடாதீர்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை ஒன்றில் இருக்கிறது. நல்லது செய்யப் போய் அவர் மேல் வழக்கு விழுந்தால் நீங்கள் சென்னையில் இருப்பீர்கள், அவர் கோர்ட்டுக்கு அலைவார்.

அப்புறம் மாற்று வாழ்வாதாரம். இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது பயம் வருகிறது. கப்பாபைகஸ் பாசி கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். வெளிநாட்டுப் பாசி, மூங்கில் மிதவையில் கட்டி வளர்ப்பது, 2000-களின் தொடக்கத்தில் மண்டபம் பக்கம் மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுத்து ஆரம்பித்தார்கள். காசு வந்தது, உண்மை. பல குடும்பங்களில் பிள்ளைகள் அந்தக் காசில் படித்தார்கள், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 2008-ல் குருசடைத் தீவுப் பக்கம் அது உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து மூடுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பவளத்துக்கு வெயில் வேண்டும், மேலே மூடினால் செத்துப்போகும். பிறகு கையால் பிய்த்துப் பிய்த்து எடுக்க வேண்டியதாயிற்று, சின்னத் துண்டு மிச்சமிருந்தாலும் மறுபடி தழைக்கும். ஏற்கெனவே 1998, 2010, 2016 வருடக் கடல் சூட்டில் வெளிறி அடிவாங்கிய பவளம் அது. இப்போது வளமாவூரில் பாசிப் பூங்கா வருகிறது, பாசி வளர்ப்பு இன்னும் பெருகும். நான் பாசி வளர்ப்புக்கு எதிரி இல்லை. எந்தக் கடலில், எந்தப் பாசி, தீவிலிருந்து எவ்வளவு தூரம் என்ற கேள்வியை அந்தக் கடலில் தினமும் இறங்குகிற பெண்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்ய வேண்டும் என்கிறேன். உங்கள் குழு தையல் மெஷின், ஆடு, காளான் என்று ஏதாவது கொடுக்க நினைத்தால் அதையும் அவர்கள் கேட்டால் மட்டும் கொடுங்கள். கடலைவிட்டு அவர்களை வெளியே கொண்டுவருவதுதான் கடலுக்கு நல்லது என்ற எண்ணம் பல நல்ல மனிதர்களிடம் இருக்கிறது. பாசிப் பெண்கள் கடலில் இல்லாத நாளில் கடலில் என்ன நடந்தது என்று சொல்லக் கரையில் யாருமே இருக்க மாட்டார்கள்.

கடல்பசு விஷயம் வலைச் செலவோடு சேர்ந்தது, அதனால் இங்கே சொல்கிறேன். ஆவுளியா என்று நம் பெரியவர்கள் சொல்வது. கடல்தாழை மட்டும் மேயும் பிராணி, சில வருடத்துக்கு ஒரு தடவை ஒரே ஒரு குட்டி போடும், அதனால் ஒன்று செத்தால் ஈடுகட்ட ரொம்பக் காலம் ஆகும். 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. நம் பக்கம் அந்த எல்லைக்குள் வராது, ஆனால் தாழை அதே பாக் நீரிணைத் தாழைதான், ஆவுளியாவுக்கு மாவட்ட எல்லை தெரியாது. அது வலையில் மாட்டினால் மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்துப்போகும், சீக்கிரம் வலையை அறுத்துவிட வேண்டும். அறுத்த வலை பல ஆயிரம் ரூபாய். அறுத்து விட்டவர்களுக்கு வனத்துறை வெகுமதி கொடுப்பது உண்டு, ஆனால் கடிதம், படம், விசாரணை என்று கைக்கு வர நாளாகும், அதுவரை அவர் எதை வைத்துத் தொழிலுக்குப் போவார்? ஊர்க் குழுவிடம் ஐம்பதாயிரம் ரூபாய் வலைநிதி என்று தனியாக வைத்துவிட்டால், அன்றைக்கே வலைக்குப் பணம் கொடுத்துவிட்டு, வெகுமதி வந்ததும் நிதிக்குத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு மூன்று பேருக்கு அப்படிக் கொடுத்தது ஊரில் தெரிந்தால் மற்றவர்களும் தயங்காமல் கத்தியை எடுப்பார்கள்.

இனி பணம் எப்படிக் கொடுப்பது. இதில் கவனமாக இருக்க வேண்டும், நிறையப் பேர் சிக்கிக்கொள்ளும் இடம் இது. துபாய் நண்பர்கள் இந்தியக் குடிமக்களாக இருந்து, தங்கள் சம்பாத்தியத்திலிருந்து முறையான வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வராது. சிங்கப்பூர் நண்பர் அந்நாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டார் என்றால் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடை, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அப்படித்தான். அந்தப் பணத்தை உள்துறை அமைச்சகத்தின் அனுமதி இல்லாத குழு ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அனுமதி உள்ள பெரிய தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்து அவர்கள் வழியாக ஊர்க் குழுவுக்கு மாற்றலாமே என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி மாற்றிக் கொடுப்பதும் தடை. எனவே சிங்கப்பூர் நண்பர் பணத்தைச் சேர்க்காதீர்கள். அவர் படம் வரைவது, வரைபடம் தயாரிப்பது, ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவது என்று உழைப்பாகக் கொடுக்கட்டும், அதற்கு நிறையத் தேவை இருக்கிறது.

குழு பதிவு பெற்றதா என்று பாருங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் ஏழு பேர் இருந்தால் பதிவு செய்யலாம், அது சுலபம். கஷ்டம் அதற்குப் பிறகு. வருடாவருடம் பேரவைக் கூட்டம் போட்டு, தணிக்கை செய்த கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பாதிக்கு மேற்பட்ட ஊர்ச் சங்கங்கள் இதை விட்டுவிட்டு நிற்பதைத்தான் நான் பார்க்கிறேன். அபராதம் ஏறி, கடைசியில் பதிவு இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும். ஆடிட்டர் கட்டணம் கட்டி, பாக்கித் தாக்கல்களை முடித்துக்கொடுங்கள். இதைவிடக் கவர்ச்சியில்லாத உதவி உலகத்தில் கிடையாது, ஆனால் இது நடந்தால்தான் பின்னால் 12ஏ, 80ஜி என்ற வருமானவரிப் பதிவுகளை வாங்க முடியும், கம்பெனிகளின் சமூகப் பணிப் பணத்துக்கான சிஎஸ்ஆர்-1 படிவம் போட முடியும், கம்பெனிப் பணம் கேட்க முடியும். பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் குறைந்தது மூன்று வருடம் அந்த வேலையைச் செய்த கணக்கு உள்ளவர்களுக்குத்தான் போகும். உங்கள் மூன்று வருட உதவி அந்தக் கணக்கை உண்டாக்கிக் கொடுக்கும். உங்கள் பக்கம் வரிச்சலுகை எதிர்பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 80ஜி பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் பயன்படும், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதுவும் கிடையாது.

பதிவே இல்லாத மகளிர் குழு என்றால் வங்கிக் கணக்கு குழு பெயரில், இரண்டு பேர் கையெழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், தீர்மான நோட்டைக் கேளுங்கள். தலைவரின் சொந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சரி. அவருக்கே அது ஆபத்து, பின்னால் ஊரில் ஒரு பேச்சு வந்தால் அவரால் நிரூபிக்க முடியாது.

குழு உண்மையானதா என்று எப்படித் தெரியும் என்று அடுத்துக் கேட்பீர்கள். நான் பார்ப்பது ஒன்றுதான்: அவர்கள் தங்களுக்குள் வைத்த ஒரு கட்டுப்பாட்டைச் சொல்லச் சொல்லுங்கள், அதை யாராவது மீறியபோது என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். உண்மையான குழுவுக்கு உடனே ஒரு சம்பவம் வரும், இரண்டு பேர் குறுக்கிட்டுத் திருத்துவார்கள், அந்த அபராதப் பணத்தை எந்தக் கோயில் திருவிழாவுக்குக் கொடுத்தோம் என்பது வரை சொல்வார்கள். திட்டத்துக்காக உண்டான குழு என்றால் உறுப்பினர் எண்ணிக்கையும் பயிற்சி எண்ணிக்கையும் சொல்லும். கூட்டத்தில் பெண்கள் பின்வரிசையில் பேசாமல் இருந்தால் அவர்களைத் தனியாக ஒரு தடவை சந்தித்துவிடுங்கள். நாட்டுப்படகுக்காரருக்கும் விசைப்படகுக்காரருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஒரு பக்கம் சாய்ந்துவிடாதீர்கள், கரையோரம் மடி வலை இழுப்பதால் தாழை அழிகிறது என்பது உண்மை, விசைப்படகில் கூலிக்குப் போகிறவனும் அதே ஊர்க்காரன் என்பதும் உண்மை.

பணத்தைத் தவிர உங்களால் முடிகிற பெரிய உதவி, அவர்கள் பேச வேண்டிய இடத்தில் பேச வழி செய்வது. கிராம சபை வருடத்துக்கு ஆறு தடவை கூடுகிறது, அங்கே நிறைவேறும் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டு. கழிமுகத்தில் மண் அள்ளுவது, இறால் பண்ணைக் கழிவு, ஊருணியை மூடுவது எதுவானாலும் அங்கே பதிவாக வேண்டும். தீர்மான வாசகத்தை முன்கூட்டியே எழுதிக்கொடுக்க ஆள் இல்லாததால் எத்தனையோ விஷயம் வாய்ப்பேச்சாகவே போய்விட்டது. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி மாவட்ட அளவில் கலெக்டர் தலைமையில் குழு இருக்க வேண்டும், அதில் பாரம்பரியக் கடலோர மக்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும். அந்த மூன்று பேர் யார், எப்போது கூடினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி ஊருக்குக் கொடுங்கள். பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். பதிவேடு பல இடங்களில் வெளியிலிருந்து வந்தவர்கள் ஒரே வாரத்தில் நிரப்பியதாக இருக்கும். பெரியவர்களோடு உட்கார்ந்து, பார் என்கிற கடலடிப் பாறை, மடை, தாழைமேடு என்று ஊர்ப்பெயரோடு கடலடியை வரைபடமாக்கினால், நாளைக்குப் படகுத்துறையோ எண்ணெய்க் குழாயோ வருகிறபோது அங்கே ஒன்றுமே இல்லை என்று யாரும் அறிக்கை எழுத முடியாது. பாம்பனிலிருந்து ஒலிபரப்பாகும் கடல் ஓசை சமுதாய வானொலியையும் மறந்துவிடாதீர்கள், மீனவர்களுக்காகவே நடக்கும் வானொலி அது. ஊரில் எடுத்த முடிவைப் பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோக அதைவிட நல்ல வழி இல்லை.

ராமநாதபுரத்துக்கு அரசுப் பணம் வராமல் இல்லை. மன்னார் வளைகுடாவும் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால் பறவைகள் சரணாலயங்களும் உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கின்றன, 2025-ல் தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயம் ஆக்கினார்கள், நெய்தல் மீட்சி இயக்கம் என்று உலக வங்கிப் பணத்தோடு பெரிய திட்டம் வந்திருக்கிறது. அந்தத் திட்டங்கள் ஊருக்குள் வரும்போது தயாராக, கணக்கு நேராக, தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரிந்த ஒரு குழு ஊரில் இருந்தால் பணம் உருப்படியாகச் செலவாகும். இல்லாவிட்டால் ஒப்பந்தக்காரர் நடுவார், கணக்கு முடியும், கன்று செத்துப்போகும்.

உங்கள் இரண்டரை லட்சத்தை நான் பிரிப்பதாக இருந்தால், ஊர்க் குழு சம்மதித்தால், ஒரு ஆளுக்கு மாதம் ஆறாயிரம் என்று வருடத்துக்கு எழுபத்திரண்டாயிரம் காவலுக்கும் குறிப்பு எழுதுவதற்கும் வைப்பேன். ஐம்பதாயிரம் வலைநிதி முதல் வருடம் மட்டும், பிறகு குறைந்ததை நிரப்பினால் போதும். ஆடிட்டர், பதிவு, போக்குவரத்துக்கு நாற்பதாயிரம். மிச்சத்தைக் குழுவே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டு, எதற்குச் செலவானது என்று நோட்டை மட்டும் பார்ப்பேன். படம் கேட்காதீர்கள், மாத அறிக்கை கேட்காதீர்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை யாராவது ஒருவர் நேரில் போய் ஒரு நாள் இருந்துவிட்டு வாருங்கள். மூன்று வருடம் கொடுப்போம் என்று முதலிலேயே கடிதமாக எழுதிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த வருடம் பணம் வருமா என்று தெரியாமல் யாரும் ஒரு பையனை வேலைக்கு வைக்க மாட்டார்கள்.

முதல் தடவை ஊருக்குப் போகும்போது தடைக்காலம் முடிந்த உடனே, அதாவது ஜூன் 15-ஐ ஒட்டிப் போகாதீர்கள், எல்லாரும் படகும் வலையுமாக இருப்பார்கள், பேச நேரம் இருக்காது. உங்கள் பக்கம் வாடைக்காற்று பலமாக வீசும் மார்கழியில் பலர் கரையில்தான் இருப்பார்கள், அப்போது போங்கள். முஸ்லிம் ஊர் என்றால் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு, கிறிஸ்தவ ஊர் என்றால் ஞாயிறு பூசைக்குப் பிறகு ஆட்களைப் பார்க்கலாம். ஊர்த் தலைவருக்கும் மகளிர் குழுப் பொறுப்பாளருக்கும் தனித்தனியாகத் தகவல் சொல்லிவிடுங்கள். ஒருவர் வழியாக மட்டும் சொன்னால் மற்றவர் கூட்டத்துக்கு வர மாட்டார்.